கூடு விட்டுக் கூடு பாயும் ஒட்டுண்ணிகள்

வயிற்றுக்குள் வாழும் புழுவையும் நம் வீடுகளில் ‘பூச்சி’ என்றே சொல்கிறோம். “பிள்ளை இளைத்துக்கொண்டே போகிறது; வயிற்றில் பூச்சி இருக்கும், மருந்து வாங்கிக் கொடு” என்பாள் பாட்டி. மலத்தோடு வெளிவந்து நெளிவது நாக்குப்பூச்சி. இரவில் ஆசனவாயில் அரிப்பது கீரிப்பூச்சி. படுக்கையில் கடிப்பது மூட்டைப்பூச்சி. பேச்சு வழக்குக்கு இது போதும். ஆனால் இவற்றுள் ஒன்று நகக்கண் வழியாகவும், ஒன்று கழுவாத கீரை வழியாகவும், ஒன்று பழைய நாற்காலியின் இடுக்கு வழியாகவும் நம்மை வந்து சேர்கிறது. எல்லாவற்றையும் ஒரே பெயரால் அழைத்துவிட்டால், எந்த வாயிலை அடைப்பது என்று தெரியாமற் போய்விடும்.

வேறோர் உயிரின் உடல்மீதோ உடலுக்குள்ளோ தங்கி, அதனிடமிருந்தே உணவைப் பெற்று, அதற்குத் தீங்கும் விளைவிக்கும் உயிரை ஒட்டுண்ணி என்கிறோம். இடமும் கொடுத்து உணவும் கொடுக்கும் உயிருக்கு ஓம்புயிர் என்று பெயர். விருந்தோம்பலுக்கு உரிய நல்ல சொல்லை இந்த இடத்தில் செலவிட வேண்டியிருக்கிறதே என்று தமிழாசிரியர்கள் வருந்தக்கூடும்.

இதை எழுதுபவன் விலங்கியல் ஆசிரியன் அல்லன்; கல்லூரியில் இயற்பியல் கற்பிப்பவன். ஆகவே இவ்வுயிர்களைப் பற்றிப் பேசும்போதும் நீளம், வேகம், வெப்பநிலை, நிகழ்தகவு என்று என் பேச்சு அந்தப் பக்கமே சாயும். மாணவ நண்பர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

கடுகும் ஐந்து கிலோமீட்டர்க் கயிறும்

முதலில் அளவைப் பார்ப்போம். மலேரியாவை உண்டாக்கும் பிளாஸ்மோடியம் என்னும் உயிர், நம் இரத்தச் சிவப்பணுவுக்குள் நுழையும் நிலையில் ஏறத்தாழ 1.5 மைக்ரான் நீளமே உடையது. ஒரு மைக்ரான் என்பது ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. மறுகோடியில் நாடாப்புழு நிற்கிறது. அது மனிதக் குடலில் 5 மீட்டர் நீளத்துக்கும் எளிதாக வளரும். இரண்டையும் ஆயிரம் மடங்கு பெரிதாக்கிப் பார்த்தோமானால், மலேரியா ஒட்டுண்ணி கடுகளவு ஆகும். நாடாப்புழு 5 கிலோமீட்டர் நீளக் கயிறாகக் கிடக்கும். இவ்வளவு வேறுபட்டவற்றை ஒரே சொல்லால் குறிப்பதால், உள்ளே பாகுபாடு அவசியமாகிறது.

இருக்கும் இடத்தைக் கொண்டு பிரித்தால் இரண்டு பெரும் பிரிவுகள். பேன், மூட்டைப்பூச்சி, சொறி உண்டாக்கும் சிற்றுண்ணி ஆகியவை புற ஒட்டுண்ணிகள். குடலிலும் இரத்தத்திலும் ஈரலிலும் தசையிலும் வாழ்பவை அக ஒட்டுண்ணிகள். உடலமைப்பைக் கொண்டு பிரித்தால் மூன்று பிரிவுகள். சீதபேதியை உண்டாக்கும் அமீபா, மலேரியாவின் பிளாஸ்மோடியம் போன்றவை ஓரணு உயிர்கள். புழுக்கள் இரண்டாம் பிரிவு. அவற்றிலும் நாடாப்புழு தட்டையானது, நாக்குப்பூச்சியும் கொக்கிப்புழுவும் உருண்டையானவை. மூன்றாவது, பேன் முதலிய கணுக்காலிகள். பாக்டீரியாவும் வைரசும் நம்மை அண்டி வாழ்பவைதாம் என்றாலும், ஒட்டுண்ணியியல் நூல்கள் மரபாக அவற்றைத் தம் பட்டியலில் சேர்ப்பதில்லை. அவற்றுக்குத் தனித் துறைகள் உண்டு.

தேர்வுக்கு இவ்வளவு போதும். ஆனால் ஊருக்குள் ஒரு நோய் பரவுகிறது, அதை நிறுத்த வேண்டும் என்று ஒருவர் இறங்கினால், மேற்கண்ட பாகுபாடு அவருக்கு அதிகம் உதவாது. உருவத்தில் உறவினரான இரண்டு புழுக்கள் முற்றிலும் வேறான வழிகளில் பயணம் செய்கின்றன. ஓர் உடலை விட்டு மற்றோர் உடலுக்கு எப்படிச் செல்கிறது என்பதைக் கொண்டு பிரிக்கும் மற்றொரு பாகுபாடுதான் அவருக்குக் கைகொடுக்கும். சித்தர்கள் கூடு விட்டுக் கூடு பாய்ந்ததாகக் கதை கேட்டிருக்கிறோம். ஒட்டுண்ணிக்கு அது வாழ்வா சாவா என்னும் சிக்கல். ஓம்புயிர் என்றாவது இறக்கும். அதற்குள் தன் சந்ததி வேறோர் உடலை அடையவில்லையென்றால் அந்த வம்சம் அத்தோடு முடிந்தது.

ஏழு கோடியில் இரண்டு

ஒரே ஓம்புயிரோடு வாழ்வை முடித்துக்கொள்பவை நேர்வழிப் பயணிகள். இவற்றில் மிக எளிய வழி கீரிப்பூச்சியுடையது. வெண்ணூல் துண்டுபோல் இருக்கும் பெண் புழு இரவில் குடலிலிருந்து இறங்கி, ஆசனவாயைச் சுற்றிப் பல்லாயிரம் முட்டைகளை ஒட்டவைக்கிறது. அரிப்பெடுக்கிறது, குழந்தை சொறிகிறது, முட்டைகள் நகக்கண்ணில் ஏறுகின்றன, காலையில் அதே விரல் வாய்க்குள் போகிறது. முட்டைகள் சில மணி நேரத்திலேயே தொற்றும் நிலைக்கு வந்துவிடுவதால் பயணத்துக்கு ஓர் இரவே போதும். படுக்கை விரிப்பிலும் உள்ளாடையிலும் முட்டைகள் உதிர்ந்திருக்கும். வீட்டில் ஒரு பிள்ளைக்கு மட்டும் மருந்து கொடுத்தால் பயனில்லாமற் போவது இதனால்தான்.

நாக்குப்பூச்சிக்கு அவசரமில்லை. அஸ்காரிஸ் என்னும் இவ்வுருளைப்புழுவின் முட்டை மலத்தோடு மண்ணில் விழுந்து, நிழலும் ஈரமும் உள்ள இடத்தில் இரண்டு மூன்று வாரம் கிடந்த பிறகே தொற்றும் நிலையை அடைகிறது. அதன் ஓடு மிகத் தடிப்பானது. மண்ணில் பல மாதங்கள், ஆண்டுகள்கூட உயிரோடு இருக்கும். பிறகு கீரையோடோ, மண்ணில் விளையாடிய கையோடோ வயிற்றுக்குள் வருகிறது. குடலில் பொரித்த இளம்புழு அங்கேயே தங்கிவிடுவதில்லை. குடற்சுவரைத் துளைத்து இரத்தத்தில் கலந்து, ஈரல் வழியாக நுரையீரலை அடைந்து, மூச்சுக்குழாயில் மேலேறி, தொண்டையில் மறுபடி விழுங்கப்பட்டு, திரும்பவும் குடலுக்கே வருகிறது! ஜப்பானிய ஆய்வாளர் கோய்னோ 1922-ல் இதைச் சோதிக்கத் தாமே 2000 முட்டைகளை விழுங்கினார். சில நாட்களில் அவருடைய சளியில் இளம்புழுக்கள் தென்பட்டன. மாணவர்கள் யாரும் பின்பற்ற வேண்டிய செய்முறை அன்று.

ஒரு பெண் நாக்குப்பூச்சி நாளொன்றுக்கு ஏறத்தாழ 2 இலட்சம் முட்டைகள் இடுகிறது, ஓராண்டளவு வாழ்கிறது. 365-ஆல் பெருக்குங்கள், 7 கோடியே 30 இலட்சம். ஊரில் உள்ள மொத்தப் புழுக்களின் எண்ணிக்கை கூடாமல் குறையாமல் இருக்க, இவற்றுள் எத்தனை பிழைத்துப் பெரியதாக வேண்டும்? ஓர் ஆண், ஒரு பெண், ஆக இரண்டு. மற்றவையெல்லாம் வீண். அதாவது ஒரு முட்டைக்கு உள்ள வாய்ப்பு மூன்றரைக் கோடியில் ஒன்று. இக்கணக்கில் நமக்கு ஒரு நல்ல செய்தியும் இருக்கிறது. எல்லா முட்டைகளையும் நாம் அழிக்க வேண்டியதில்லை. அந்த இரண்டில் ஒன்றை வாயை அடையாமல் தடுத்தாலும் அடுத்த தலைமுறை பாதியாகும்.

முட்டை எங்கே சேர்கிறது என்பதையும் கணக்கிடலாம். அது 50, 60 மைக்ரான் அளவுள்ள ஒரு துகள். தண்ணீரைவிடச் சற்று அடர்த்தி மிகுந்தது. பாகியலில் ஸ்டோக்ஸ் விதியைப் படித்தவர்கள் எண்களைப் பொருத்திப் பார்த்தால், அசையாத நீரில் அது மணிக்கு அரை மீட்டர் அளவில் கீழே இறங்கும் என்று காணலாம். ஆகவே கழிவு நீரைக் குளங்களில் நாட்கணக்கில் அசையாமல் தேக்கி வைத்தால் மேல்நீர் முட்டைகளிலிருந்து பெரிதும் விடுபடும். முட்டைகளோ அடிமண்டியில் சேர்ந்திருக்கும். அந்த மண்டியைப் பதப்படுத்தாமல் காய்கறிப் பாத்திக்கு உரமாக இட்டால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

கெய்ரோவில் சிந்திய ஒரு துளி

கொக்கிப்புழுவும் மண்ணையே நம்பியிருக்கிறது. ஆனால் வாயை நம்பியில்லை. மிலான் நகர மருத்துவர் துபீனி 1838-ல் இறந்தவரின் குடலில் இப்புழுவைக் கண்டார். ஆல்ப்ஸ் மலையைக் குடைந்து கோட்ஹார்டு இருப்புப் பாதைச் சுரங்கம் அமைத்தபோது, 1880 அளவில், தொழிலாளர்கள் பலர் இரத்தம் வற்றி வெளிறிப்போனார்கள். அவர்கள் குடலிலும் இப்புழு இருந்தது. எப்படி வந்தது? வாய் வழியாகத்தான் என்று எல்லோரும் நினைத்தனர்.

எகிப்தில் கெய்ரோவில் பணியாற்றிய ஜெர்மானிய ஆய்வாளர் ஆர்தர் லூஸ், கொக்கிப்புழுவின் இளம்புழுக்களைச் சோதனைக்கூடத்தில் வளர்த்துவந்தார். 1898 அளவில் ஒருநாள் அவை நிறைந்த நீரில் ஒரு துளி அவர் கையில் சிந்திற்று. துடைத்துக்கொண்டு வேலையைத் தொடர்பவர்களே உலகில் அதிகம். சிந்திய இடம் சிவந்து அரிப்பதை லூஸ் கவனித்தார். தோலின் மேல் கிடந்த நீரை எடுத்து நுண்ணோக்கியில் பார்த்தார். இளம்புழுக்கள் கழற்றிப்போட்ட வெறும் சட்டைகளே மிஞ்சியிருந்தன. சில வாரங்கள் சென்றபின் அவருடைய மலத்திலேயே கொக்கிப்புழு முட்டைகள் காணப்பட்டன. புழு தோலைத் துளைத்துக்கொண்டு நுழைகிறது என்று இவ்வாறு தெரியவந்தது.

அந்த இளம்புழு அரை மில்லிமீட்டருக்குச் சற்றே அதிக நீளம் உடையது. மண் துகள்களைச் சுற்றி மெல்லிய நீர்ப்படலம் இருக்குமல்லவா? பரப்பு இழுவிசையால் ஒட்டிநிற்கும் அந்தப் படலத்தின் வழியாகவே அது மேலேறி வந்து, புல்நுனியிலும் மண் கட்டியிலும் காத்திருக்கிறது. வெறுங்கால் பட்டதும் தொற்றிக்கொள்கிறது. படலம் வற்றினால் செத்துப்போகும். சுள்ளென்று வெயில் அடிக்கும் பொட்டலைவிட நிழலும் ஈரமும் உள்ள தோட்டங்களும், தோப்போரத்து மலங்கழிக்கும் இடங்களும் அதற்கு உகந்தவையாவது இதனால்தான்.

நெகேட்டர் என்னும் வகைக் கொக்கிப்புழு ஒன்று நாளொன்றுக்கு 0.03 மில்லிலிட்டர் அளவு இரத்தம் குடிக்கும். ஒரு துளிகூட இல்லை. ஆனால் நூறு புழுக்கள் இருந்தால் நாளைக்கு 3 மில்லிலிட்டர், மாதத்துக்கு 90. அங்கிலோஸ்டோமா என்னும் வகை இதைப்போல் ஐந்து மடங்கு உறிஞ்சும். கஞ்சியும் ஊறுகாயும் தின்று வளரும் ஒரு சிறுமியின் உடல் இந்த இழப்பை ஈடுகட்ட இரும்புச்சத்துக்கு எங்கே போகும்? வகுப்பில் தூங்கி விழும் பிள்ளை எல்லாரும் சோம்பேறி என்று எண்ணிப் பிரம்பை எடுக்கும் ஆசிரியர்கள், அவர்களுடைய கண்ணின் கீழிமையை ஒருமுறை இழுத்துப் பார்க்கலாம். 2015 முதல் நம் நாட்டுப் பள்ளிகளில் குடற்புழு நீக்க நாளன்று அல்பெண்டசோல் மாத்திரை தருகிறார்கள். ஆனால் மாத்திரை இன்றைய புழுவைத்தான் கொல்லும். மண்ணில் காத்திருப்பதைத் தடுக்கக் கழிப்பறையும் காலணியும் வேண்டும்.

கம்பி, மின்மாற்றி, பெருக்கி

இனி இரண்டு ஓம்புயிர்கள் தேவைப்படும் ஒட்டுண்ணிகளுக்கு வருவோம். எந்த உயிரில் ஒட்டுண்ணி முதிர்ந்து இனப்பெருக்கம் செய்கிறதோ அது முதன்மை ஓம்புயிர். இளநிலை மட்டும் தங்குவது இடைநிலை ஓம்புயிர். பன்றி நாடாப்புழுவுக்கு மனிதன் முதன்மை, பன்றி இடைநிலை. சரியாக வேகாத இறைச்சியில் உள்ள நீர்க்கட்டியைத் தின்றால் குடலில் நாடாப்புழு வளரும். ஆனால் அந்தப் புழுவின் முட்டை அசுத்தமான நீரிலோ கையிலோ இருந்து வாய்க்குள் போனால், மனிதனே பன்றியின் இடத்துக்கு வந்துவிடுகிறான். கட்டி தசையிலோ மூளையிலோ தோன்றுகிறது. வலிப்பு நோய் வரலாம். புலால் உண்ணாதவர்களும் இதற்கு விலக்கல்லர். மலேரியாவிலோ வழக்கம் தலைகீழ். பிளாஸ்மோடியத்தின் ஆண் பெண் கலப்பு கொசுவின் வயிற்றில் நடப்பதால் கொசுவே முதன்மை ஓம்புயிர். நாம் வெறும் இடைநிலை!

கொசுவைப் போல நோயைச் சுமந்து செல்லும் உயிரை நோய்க்கடத்தி என்கிறார்கள். எங்கள் இயற்பியலில் கடத்தி என்றால் தாமிரக் கம்பி. உண்மையில் கம்பியைப் போல் நடந்துகொள்ளும் நோய்க்கடத்திக்கு ஈ நல்ல எடுத்துக்காட்டு. மலத்தில் உட்கார்ந்த ஈ, அமீபாவின் கூட்டைக் காலில் ஒட்டிக்கொண்டு வந்து பலகாரத்தில் விடுகிறது. புறப்பட்டது எதுவோ அதுவே வந்து சேருகிறது. வேறு சில கடத்திகள் மின்மாற்றியைப் போன்றவை. மின்மாற்றியில் ஆற்றல் பெருகுவதில்லை, வடிவம் மட்டும் மாறுகிறது. மூன்றாம் வகையைப் பெருக்கி எனலாம். ஒன்று உள்ளே போனால் ஆயிரம் வெளியே வரும். யானைக்கால் நோயைத் தரும் கியூலெக்ஸ் கொசு மின்மாற்றி. மலேரியாவைத் தரும் அனாபிலஸ் கொசு பெருக்கி. இந்த ஒரு வேறுபாட்டை மனத்தில் கொண்டால் இரு நோய்களின் போக்கும் தெளிவாக விளங்கும்.

யானைக்கால் நோயின் புழு நூல்போல் மெல்லியது. பெண் புழு 8 முதல் 10 சென்டிமீட்டர் நீளம் இருக்கும். நிணநீர்க் குழாய்களில் பல ஆண்டுகள் வாழ்ந்து, கால் மில்லிமீட்டர் நீளமுள்ள நுண்புழுக்களை இரத்தத்தில் விட்டுக்கொண்டே இருக்கும். 1872-ல் கல்கத்தாவில் திமோதி லூயிஸ் இந்நுண்புழுக்களை மனித இரத்தத்தில் கண்டார். 1877-ல் சீனாவின் அமோய் துறைமுகத்தில் பாட்ரிக் மான்சன், அவை கொசுவின் உடலில் வளர்வதைக் கண்டார். பூச்சி ஒன்று மனித ஒட்டுண்ணியைத் தாங்குகிறது என்பது அதுவரை யாருக்கும் தோன்றாத செய்தி. ஆனால் கொசு நீரில் விழுந்து செத்து, அந்நீரைக் குடிப்பதால் நோய் வருவதாக மான்சன் முடிவுகட்டிவிட்டார். கொசு இரண்டாம் முறையும் கடிக்கும் என்பதை அவர் எண்ணவில்லை.

நுண்புழுக்களுக்கு ஒரு விசித்திரப் பழக்கம் உண்டு. பகலில் நுரையீரலின் நுண்குழாய்களில் ஒடுங்கிக் கிடந்து, இரவு பத்து மணிக்கு மேல் தோலருகே உள்ள இரத்தக் குழாய்களுக்கு வந்துவிடுகின்றன. நம் ஊர்ச் சாக்கடைக் கொசுவான கியூலெக்ஸ் கடிக்கும் நேரமும் அதுவே. 1881-ல் லண்டனில் மெக்கன்சி என்ற மருத்துவர் ஒரு நோயாளியைப் பகலில் தூங்கவும் இரவில் விழித்திருக்கவும் செய்தார். சில நாட்களில் நுண்புழுக்களும் தம் நேரத்தை மாற்றிக்கொண்டன. பகலில் கடிக்கும் கொசு உள்ள பசிபிக் தீவுகளில், பகலிலும் குறையாமல் திரியும் இனமே காணப்படுகிறது. சுகாதாரப் பணியாளர்கள் ஏன் நடுநிசியில் கதவைத் தட்டி விரல் நுனியில் இரத்தம் எடுக்கிறார்கள் என்று முணுமுணுப்பவர்களுக்கு இதுதான் விடை.

இப்போது ஒரு சிறு கணக்கு. ஒரு கன மில்லிமீட்டர் இரத்தத்தில் ஒரு நுண்புழு இருப்பதாகக் கொள்வோம். கொசு ஒருமுறைக்கு 2 அல்லது 3 கன மில்லிமீட்டர் குடிக்கும். ஆகவே இரண்டு மூன்று நுண்புழுக்களே அதற்குள் போகும். அவை பெருகுவதில்லை, இரண்டு வாரத்தில் தொற்றும் பருவத்தை எய்துகின்றன, அவ்வளவே. மறுபடி கடிக்கும்போது அவை ஊசி போட்டாற்போல் உள்ளே செலுத்தப்படுவதும் இல்லை. தோலின்மேல் விழுந்து, கடிவாய் வழியாகத் தாமே ஊர்ந்து நுழைய வேண்டும். நுழைந்தவற்றில் ஆணும் பெண்ணும் ஒன்றையொன்று சந்திக்கவும் வேண்டும். இத்தனையும் கூடிவர நூற்றுக்கணக்கான, ஆயிரக்கணக்கான கடிகள் தேவைப்படுகின்றன. நான்கு நாள் விருந்துக்கு வந்து போகிறவருக்கு யானைக்கால் நோய் வருவது அரிது. அங்கேயே ஆண்டுக்கணக்கில் வாழ்பவருக்கு வருகிறது.

இன்னொரு செய்தியை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். கால் வீங்கியவரைக் கண்டால் பேருந்தில் அருகே உட்காரத் தயங்குபவர்கள் இருக்கிறார்கள். வீக்கம் முற்றியவருடைய இரத்தத்தில் பெரும்பாலும் நுண்புழுக்கள் இருப்பதே இல்லை. அவரிடமிருந்து கொசுவுக்குக் கிடைக்க ஒன்றும் இல்லை. நோயைப் பரப்பும் இரத்தம், எந்த அறிகுறியும் இல்லாமல் அந்த இருக்கையை விட்டு எழுந்து போகிறவருடையதாகவும் இருக்கலாம். அதனால்தான் ஆண்டுக்கொரு முறை ஊரில் உள்ள அனைவருக்கும் மாத்திரை கொடுக்கிறார்கள். “எனக்கு ஒன்றும் இல்லையே, நான் ஏன் விழுங்க வேண்டும்?” என்று கேட்பவர்தான் அவசியம் விழுங்க வேண்டியவர். மாத்திரை நுண்புழுக்களை ஒழிக்கும்; முதிர்ந்த புழுக்களை முழுதும் கொல்லாது. ஆகவே அவற்றின் கருவளம் தீரும்வரை, குறைந்தது ஐந்து ஆண்டு, விடாமல் கொடுக்க வேண்டியிருக்கிறது. இலங்கை இவ்வழியில் முன்னேறி, 2016-ல் பொதுச் சுகாதாரச் சிக்கல் என்ற நிலையிலிருந்து இந்நோய் நீங்கிவிட்டதாக உலகச் சுகாதார நிறுவனத்தின் சான்றைப் பெற்றது.

கொசுவின் வயதே கணக்கு

மலேரியாவுக்கு இத்தனை பொறுமை தேவையில்லை. ஒரே கடி போதும். ரொனால்டு ராஸ் 1897 ஆகஸ்டு 20-ல் செகந்திராபாத்தில் ஒரு கொசுவின் இரைப்பைச் சுவரில் கண்ட கருநிறப் புள்ளிகள் உள்ள உருண்டைகளே இப்பெருக்கியின் உட்பகுதி. ஒவ்வோர் உருண்டையும் வெடித்தால் ஆயிரத்துக்கும் மேற்பட்ட நுண்கதிர்கள் வெளிவந்து உமிழ்நீர்ச் சுரப்பியை அடைகின்றன. இதை அவர் 1898-ல் கல்கத்தாவில் பறவை மலேரியாவைக் கொண்டு முழுமையாக நிறுவினார். அதே ஆண்டு இத்தாலியில் கிராஸியும் தோழர்களும் மனித மலேரியாவுக்கு அனாபிலஸ் கொசுவே காரணம் என்று காட்டினர்.

இப்பெருக்கம் முடியக் காலம் வேண்டும். அந்தக் காலம் வெப்பநிலையைப் பொறுத்தது. சோவியத் ஆய்வாளர்கள் வகுத்த எளிய விதி ஒன்று உண்டு. கொடிய வகையான பால்சிபாரத்துக்கு, வெப்பநிலையிலிருந்து 16-ஐக் கழித்து, வருவதைக் கொண்டு 111-ஐ வகுத்தால் நாட்களின் எண்ணிக்கை கிடைக்கும். 26 டிகிரி செல்சியசில் 11 நாள். 20 டிகிரியில் 28 நாள். 16 டிகிரியில் முடிவிலி, அதாவது நடக்கவே நடக்காது.

கொசுவின் ஆயுளை இத்தோடு சேர்த்துப் பாருங்கள். ஒரு நாள் இருந்த கொசுக்களில் மறுநாள் 80 விழுக்காடு உயிரோடு இருப்பதாகக் கொள்வோம். 11 நாள் தாண்டுபவை நூற்றுக்கு எட்டு அல்லது ஒன்பது. 28 நாள் தாண்டுபவை ஆயிரத்துக்கு இரண்டே. அந்தக் கிழட்டுக் கொசுக்கள் மட்டுமே ஆபத்தானவை. இளங்கொசு எவ்வளவு கடித்தாலும் மலேரியா வராது.

1950-களில் ஜார்ஜ் மெக்டொனால்டு என்பவர் இக்கணக்கிலிருந்து ஒரு பெரிய முடிவுக்கு வந்தார். முட்டைப்புழுக்களை அழித்துக் கொசுக்களின் தொகையைப் பாதியாக்கினால் ஆபத்தும் பாதியாகிறது, அவ்வளவே. ஆனால் வீட்டுச் சுவரில் மருந்து தெளித்து, நாள்தோறும் பிழைப்பவை 80-க்குப் பதில் 60 விழுக்காடு என்று ஆக்கினால்? 0.6-ஐ அதனாலேயே 11 முறை பெருக்கிப் பாருங்கள். ஆயிரத்துக்கு மூன்று நான்கு கொசுக்களே அந்த வயதை எட்டும். ஏறத்தாழ இருபத்து நான்கு மடங்கு குறைவு! இரத்தம் குடித்த கொசு சுவரில் உட்கார்ந்து இளைப்பாறும். அங்கே டி.டி.டி. இருந்தால் கிழவியாகும் முன்பே இறந்துவிடும். தொகையைக் காட்டிலும் வயதைக் குறிவைப்பதே மேல் என்பது அடுக்குக்குறியின் ஆற்றல். நான் வகுப்பில் மடக்கை நடத்தும்போது இந்த எடுத்துக்காட்டைத்தான் சொல்வது வழக்கம்.

கணக்கு சரி. மனிதர்கள் கணக்குப்படி நடப்பதில்லை. இலங்கையில் சுவர்த் தெளிப்பின் பயனாக மலேரியா 1963-ல் 17 பேர் என்ற அளவுக்கு இறங்கிவிட்டது. வேலை முடிந்தது என்று தெளிப்பை நிறுத்தினர். 1969-ல் 5 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் நோயில் விழுந்தனர். மறுபடி மேலேற நாற்பது ஆண்டுகளுக்கு மேல் பிடித்தது. 2012 அக்டோபருக்குப் பிறகு அங்கே உள்ளூர்த் தொற்று ஒன்றும் காணப்படாததால், 2016-ல் மலேரியா அற்ற நாடு என்று அறிவிக்கப்பட்டது. நம் சென்னையில் மலேரியாவைத் தரும் அனாபிலஸ் ஸ்டீபன்சி என்னும் கொசுவுக்குக் காடும் வயலும் தேவையில்லை. மூடி இல்லாத மாடித் தொட்டியும் கிணறும் போதும்.

துணியில் வடிகட்டிய நோய்

மருந்தும் இல்லை, தடுப்பூசியும் இல்லை. பயண வழியை அறிந்த அறிவு ஒன்றைக் கொண்டே ஒரு நோயை விரட்ட முடியுமா? நரம்புச் சிலந்தியின் வரலாறு இக்கேள்விக்கு விடை சொல்கிறது. பெயரைக் கேட்டு எட்டுக்கால் சிலந்தி என்று எண்ண வேண்டாம். இது ஒரு மீட்டர் நீளம்வரை வளரும் உருளைப்புழு. தொற்றி ஏறத்தாழ ஓராண்டு சென்றபின், பெண் புழு காலில் ஒரு கொப்புளத்தை உண்டாக்கித் தலைநீட்டுகிறது. நெருப்புப் பட்டாற்போல் எரியும். எரிச்சல் தணியக் காலைக் குளத்திலோ படிக்கிணற்றிலோ நனைக்கத்தான் தோன்றும். புழு எதிர்பார்ப்பதும் அதையே. தண்ணீர் பட்டவுடன் இலட்சக்கணக்கான இளம்புழுக்களை வெளியே தள்ளுகிறது. அவற்றைச் சைக்ளாப்ஸ் என்னும் நீர்த்தெள்ளு விழுங்குகிறது. 1870 அளவில் துர்க்கிஸ்தானத்தில் ரஷ்ய இயற்கையறிஞர் பெட்சென்கோ இதைக் கண்டறிந்தார். அந்த நீரைக் குடிப்பவர் வயிற்றில் நீர்த்தெள்ளு செரித்துப்போக, புழு மட்டும் பிழைத்துக்கொள்கிறது.

வெளிவரும் புழுவை ஒரு குச்சியில் நாளுக்குச் சில சென்டிமீட்டராகச் சுற்றி எடுப்பதுதான் அன்றும் இன்றும் சிகிச்சை. அவசரப்பட்டு இழுத்தால் அறுந்து சீழ் பிடிக்கும். உழவுக்காலத்தில் குடும்பமே வாரக்கணக்கில் படுத்துவிடும்.

ஆனால் இந்தச் சங்கிலியில் ஒரு பலவீனம் இருக்கிறது. நீர்த்தெள்ளு ஒன்றிரண்டு மில்லிமீட்டர் நீளமுள்ளது, கண்ணுக்கே தெரியும். நெருக்கமாக நெய்த துணியில் தண்ணீரை வடிகட்டினால் அது மேலே தங்கிவிடும். துணியைக் கொடுத்தார்கள், இறங்கிக் காலை நனைக்க வழியுள்ள படிக்கிணறுகளை மாற்றியமைத்தார்கள், கைப்பம்புகள் அமைத்தார்கள், நீரில் தெள்ளைக் கொல்லும் மருந்தை இட்டார்கள், புழு வெளிவருபவரைத் தண்ணீரில் இறங்காமல் பார்த்துக்கொண்டார்கள். இந்தியாவில் 1980-களின் தொடக்கத்தில் இம்முயற்சி தொடங்கியபோது இராஜஸ்தான் முதலிய ஏழு மாநிலங்களில் நோய் இருந்தது. தமிழ்நாடும் அவற்றுள் ஒன்று. கடைசி நோயாளி 1996 ஜூலையில் இராஜஸ்தானில் காணப்பட்டார். 2000-ல் நம் நாடு நரம்புச் சிலந்தி அற்றதென்று சான்று பெற்றது. உலகளவில் 1986-ல் 35 இலட்சம் பேர் என்று மதிப்பிடப்பட்ட நோய், 2023-ல் 14 பேர் என்ற அளவுக்கு வந்துவிட்டது.

இந்தப் பதினான்கைப் பூச்சியமாக்குவதுதான் கடினமாக இருக்கிறது. 2012 முதல் ஆப்பிரிக்காவின் சாட் நாட்டில் நாய்களிடமும் இப்புழு பெருமளவில் காணப்படுகிறது. மனிதனை மட்டுமே முக்கிய ஓம்புயிராகக் கொண்டது என்று வகைப்படுத்தி வைத்திருந்த புழு, வேறொரு கூட்டில் புகுந்துகொண்டது. சாரி ஆற்றங்கரையில் மீன் பிடிப்பவர்கள் குடலைச் சுத்தம் செய்து வீசுகிறார்கள். நாய்கள் அதைத் தின்கின்றன. அவ்வழியாகவும் புழு நாயை அடைவதாக ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். நாய்க்குத் துணியில் வடிகட்டிக் கொடுக்க முடியாதே! அந்த ஊர்களில் இப்போது மீன் குடலைக் குழிதோண்டிப் புதைக்கிறார்கள். புழு தலைநீட்டும் நாயைக் கட்டிவைத்து, புழு முழுதும் வெளிவரும்வரை தண்ணீர்ப் பக்கம் விடாமல் காவல் காக்கிறார்கள்.